பத்து நிமிட ஐஸ், நாற்பது நிமிட ஐஸ்

இன்று காலை எழுந்ததும், வாசலில் கிடந்த பால் பாக்கெட்டைக்கூட எடுக்காமல், நேராக முன்னறைக்குப் போய் கிளினிக் ஃப்ரீசரைத் திறந்து நீல நிற ஜெல் பேக் ஒன்றை எடுத்தேன். இரண்டாவது கட்டிலில் உட்கார்ந்து அதை என் வலது கணுக்காலின் வெளிப்பக்கம் வைத்தேன். நடுவில் ஒரு மெல்லிய கைக்குட்டையை மட்டும் விட்டு, நீ கட்டியதைப் போலவே கிரேப் பேண்டேஜால் இறுக்கிக் கட்டினேன். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். முதலில் வெறும் குளிர். நான்காவது நிமிடத்தில் எரிய ஆரம்பித்தது. ஏழாவது நிமிடத்தில் எலும்புக்குள் யாரோ திருகாணியை முறுக்குவதைப் போல வலித்தது. பதினோராவது நிமிடத்தில் மரத்துப்போனது. பன்னிரண்டில் பிரித்துவிட்டேன். நாற்பது நிமிடம் வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இருபத்து மூன்று வருடமாக இந்த பிசியோதெரபித் தொழிலில் இருக்கிறேன். அதற்கு மேல் விட்டால் தோல் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயம் என் கையைப் பிடித்து இழுத்துவிட்டது.

பிரித்த பிறகுதான் எவ்வளவு அசட்டுத்தனம் செய்திருக்கிறேன் என்று புரிந்தது. ஹமீது பாய் அன்றைக்கு என்ன பட்டார் என்று தெரிந்துகொள்ளத்தான் கட்டிப் பார்த்தேன். அவர் எதையுமே படவில்லை. குளிரோ எரிச்சலோ வலியோ எதுவும் அந்தக் காலிலிருந்து மேலே ஏறி அவருக்குச் சேதி சொல்லவில்லை. பதினெட்டு வருடச் சர்க்கரை அந்த வழியை எப்போதோ அடைத்துவிட்டிருந்தது. நான் எத்தனை முறை கட்டிப் பார்த்தாலும் அவருடைய கால் எனக்கு வராது.

நீ ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாய். கூடத்தில் உன் பெட்டி பாதி திறந்து கிடக்கிறது. வளைகுடாவில் கால்பந்துப் பயிற்சிப் பள்ளி, நல்ல வேலை, தங்க இடம், பார்க்கும் எல்லோரும் கேட்டுக் கேட்டுச் சந்தோஷப்படுகிறார்கள். வெளிநாடு போகும் பிள்ளைக்கு அம்மா எழுதும் கடிதத்தில் வேளைக்குச் சாப்பிடு, ஏ.சி.யில் போர்த்திக்கொண்டு தூங்கு என்றெல்லாம் இருக்கும். இதில் அது எதுவும் இருக்காது. எனக்கு உன்மேல் கோபம். இரண்டு மாதமாக அந்தக் கோபத்தோடுதான் உனக்குத் தோசை வார்த்துப் போடுகிறேன், உன் சட்டைகளை மடித்து வைக்கிறேன். நேற்று சாப்பிடும்போது நான் வாயைத் திறந்ததும், "மா, திரும்பத் திரும்ப அதையே எடுக்காத. கிளம்பற நேரத்துல டென்ஷன் பண்ணாத" என்றாய். உன் அப்பாவும் உன் பக்கம் சேர்ந்துகொண்டு, "ஊருக்குப் போற புள்ளைய நிக்க வெச்சுக் கேள்வி கேட்டா நல்லாவா இருக்கு? விடேன்" என்றார். விட்டேன். வாயால் பேச விடாததை எழுதுகிறேன். இதையாவது பாதியில் எழுந்து போகாமல் படி.

ஐஸை உனக்கு நான் எப்படிக் கற்றுக்கொடுத்தேன் என்பதிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் என் தப்பு அங்கேதான் இருக்கிறது. உனக்கு எட்டு வயது இருக்கும்போது பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் சைக்கிளோடு விழுந்து முழங்காலை வீங்க வைத்துக்கொண்டு வந்தாய். ஐஸ் கட்டிகளை டவலில் சுற்றி உன் முழங்காலில் வைத்துவிட்டு, "முதல்ல குளிரும், அப்புறம் எரியும், அப்புறம் வலிக்கும், கடைசியில மரத்துப்போகும். மரத்துப்போனதும் சொல்லு, எடுத்துடறேன்" என்றேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "மரத்துடுச்சும்மா!" என்று கத்தினாய். கிள்ளிப் பார்த்தேன், துள்ளிக் குதித்தாய். தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள், அங்கே ஓட வேண்டும் உனக்கு. இந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்! வருகிற நோயாளிகளிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். அந்தச் சிரிப்பில் எனக்கு ஒன்று உறைக்கவே இல்லை. மனிதர்கள் வாயால் சொல்வது வேறு, அவர்களுடைய தோல் சொல்வது வேறு என்பதை எட்டு வயதுப் பையன் என் கண் முன்னால் காட்டிவிட்டுப் போனான். படித்தவள் நான் அதை வேடிக்கைக் கதையாக வைத்துக்கொண்டேன்.

கிளினிக் ஆரம்பித்த புதிதில் இரண்டு கட்டில், ஒரே ஆள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பெருங்களத்தூரிலிருந்தும் இரும்புலியூரிலிருந்தும் வருகிறவர்கள் வராண்டா வரை உட்கார்ந்திருப்பார்கள். ஐஸ் வைத்தவர் பக்கத்திலேயே நின்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பிரித்துப் பார்க்க எனக்கு நேரமில்லை. அதனால் அந்த நான்கு சொல்லையும் நோயாளிகளுக்கே சொல்லிக்கொடுத்தேன். குளிருது, எரியுது, வலிக்குது, மரத்துப்போச்சு. நான்காவது சொல் காதில் விழுந்ததும் போய் எடுப்பேன். அவர்களுக்கும் பிடித்திருந்தது. வயதானவர்கள்கூட, "டாக்டரம்மா, எரியுது வரைக்கும் வந்துட்டேன்" என்று ஏதோ பஸ் ஸ்டாப்பைச் சொல்வது போலச் சொல்வார்கள். பெரிய உத்தி கண்டுபிடித்துவிட்டதாக எனக்குப் பெருமை. நீ படிப்பை முடித்து இங்கே வந்து உட்கார்ந்தபோது, புத்தகத்தில் படித்ததை விட்டுவிட்டு என் உத்தியைத்தான் முதலில் பிடித்துக்கொண்டாய். பிடித்துக்கொள்ளாமல் எப்படி இருப்பாய்? ஒரு சொல்லைக் கேட்டால் போதும், நின்று பார்க்க வேண்டாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? நோயாளி வாயைத் திறக்கிற வரைக்கும் உன் நேரம் உன்னுடையது.

சரி, அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். நீ மறந்துவிட்டதைப் போல நடந்துகொள்வதால் எல்லாவற்றையும் வரிசையாகவே எழுதுகிறேன். மழை பெய்து விட்டிருந்த காலை. ஹமீது பாய் மேற்குத் தாம்பரத்தில் கடைப் படியில் வழுக்கிக் கணுக்கால் பிசகி, மனைவி மெகருன்னிசா அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். வண்டி சீட்டுக்கு உறை தைக்கிறவர். உன் முதல் சைக்கிளுக்குச் சிவப்பும் கறுப்புமாக உறை போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். அவருடைய கார்டில் நான்தான் எழுதினேன்: சர்க்கரை, பதினெட்டு வருடம், பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்கவும். சிவப்பு மையில் எழுதினேன். சோதிக்கவும் என்று எழுதியவள் அப்போதே ஒரு பஞ்சை எடுத்து, அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் தொட்டுப் பார்த்திருக்கலாம். ஒரு நிமிட வேலை. முதல் கட்டிலில் தோள்பட்டை இறுகிப்போன டீச்சர் ஒருவர் கையைத் தூக்கியபடி காத்திருந்தார். கார்டை உன் கையில் கொடுத்துவிட்டு அவரிடம் போனேன். சிவப்பு மையில் எழுதியதால் என் கடமை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

நீ கார்டைப் பார்த்தாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் பார்த்தேன் என்கிறாய். பார்த்திருந்தால் அந்தக் காலில் ஐஸ் வைத்திருக்கவே கூடாது. பார்க்கவில்லை என்றால் கார்டு எதற்கு? இரண்டில் எது உனக்குச் சாதகம் என்று நீயே யோசித்துக்கொள்.

"இன்னா தம்பி, ஐஸா? ஜொரம் கிரம் வந்துறப் போவுது" என்றார் பாய்.

"ஃபுட்பால் ஆடறவன்லாம் இப்ப ஐஸ் தொட்டிக்குள்ளயே உக்காந்துக்கறான் பாய். உங்களுக்குக் காலுக்கு மட்டும்தான்."

"எனக்கு நாளைக்கு எந்த மேட்சு கீது? பல்சர் சீட்டு ரெண்டு தெக்கணும், அவ்ளோதான்."

அந்த அறையே சிரித்தது. நானும் திரும்பாமலே சிரித்தேன். நீ கட்டை இறுக்கியபடி, "மரத்துச்சுன்னா ஒரு குரல் குடுங்க பாய்" என்றாய். அக்கா, "வூட்லயும் வெக்கணுமா தம்பி?" என்று கேட்டார். "ஆமாக்கா, சாயங்காலம் ஒரு தடவ. பத்து நிமிஷம், துணி சுத்தி." அவர் அதைப் பாடம் ஒப்பிப்பது போலத் திருப்பிச் சொன்னார்: "பத்து நிமிஷம். துணி சுத்தி." சொல்லிவிட்டு, மருந்துக் கடைக்குப் போய்விட்டு வருவதாகக் கிளம்பினார்.

நீ கொல்லைப்பக்கம் போனாய். அங்கே உன் நீல டிரம் இருந்தது. காலையில் ஓடுகிற உன் நண்பர்கள் மூன்று பேர் ஐஸ் தண்ணீரில் இறங்கி உட்கார வந்திருந்தார்கள், நீ வீடியோ எடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் கத்துவதும் நீ செல்போனைப் பார்த்து நொடிகளை எண்ணுவதும் எனக்கு ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. "போதும்டா, ரெண்டு நிமிஷம் ஆச்சு, எழுந்திரு, எழுந்திரு, அதுக்கு மேல கூடாது!" என்று ஒருவனை நீ விரட்டியதும் கேட்டது. இருபத்து நான்கு வயசுக் காலுக்கு நொடிக் கணக்கு வைத்திருந்தாய். உள்ளே படுத்திருந்த அறுபத்து ஒரு வயசுக் காலுக்குக் கடிகாரமே இல்லை. கவனம் உன்னிடம் இல்லாமல் இல்லை. யாருக்குக் கொடுப்பது என்று தேர்ந்தெடுத்துக் கொடுத்தாய்.

மெகருன்னிசா அக்கா திரும்பி வந்து, "இன்னும் கட்டு பிரிக்கலையா டாக்டரம்மா?" என்று கேட்டபோதுதான் நான் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது நிமிடம். பாய் கண்ணை மூடிச் சுகமாகப் படுத்திருந்தார். ஓடிப்போய்ப் பிரித்தேன். கணுக்காலின் வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மெழுகுவர்த்தி போல வெளுத்து, தொட்டால் கெட்டியாக இருந்தது. பாய் எட்டிப் பார்த்து, "ஆச்சா? ஒன்னுமே தெர்லயேம்மா. குளுகுளுன்னுகூட இல்ல. உங்க ஐஸு இன்னா டூப்ளிகேட்டா?" என்றார். அதற்கும் அக்கா சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் சொல்லியிருக்க வேண்டும். "பாய், எங்க தப்பு, நேரம் போனது தெரியல, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோம்." பத்துச் சொல்கூட இல்லை. நான் சொன்னது, "லேசா வெளுத்திருக்கு பாய், சரியாயிடும்." சொல்லிவிட்டுக் காலைத் துடைத்து, போர்த்தி, கொஞ்ச நேரம் படுக்க வைத்து அனுப்பினேன். சாயங்காலம் வீட்டில் ஐஸ் வைக்காதீர்கள் என்று அக்காவிடம் சொல்லவில்லை. மறந்துவிட்டதாக ரொம்ப நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. வைக்காதீர்கள் என்றால் ஏன் என்று கேட்பார். அந்த ஏனுக்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டேன். அவர் வீட்டுக்குப் போய், நீ சொன்னபடியே, டவலில் சுற்றி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் வைத்திருக்கிறார். நம் மூன்று பேரில் அன்றைக்குச் சொன்னதைச் சொன்னபடி செய்தவர் அவர் ஒருவர்தான்.

அவர்கள் போனதும் உன்னைக் கேட்டேன். "எவ்ளோ நேரம்டா வெச்ச?" "ஒரு பதினஞ்சு இருக்கும்." "கடிகாரத்தப் பாரு." பார்த்தாய். முகம் மாறியது. அந்த ஒரு நொடி உன்மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது. அடுத்த நொடி, "அவர் சொல்லவே இல்லையேம்மா" என்றாய். பிறகு மேஜையில் உட்கார்ந்து கார்டில் எழுதினாய். நீ எழுந்து போனதும் எடுத்துப் பார்த்தேன். ஐஸ், பத்து நிமிடம் என்று இருந்தது. பார்த்துவிட்டுக் கார்டு டப்பாவில் போட்டு மூடினேன். எழுதியவன் நீ, மூடியவள் நான்.

மூன்றாம் நாள் கொப்புளத்தோடு வந்தார்கள். நெல்லிக்காய் அளவில் இரண்டு, அவற்றைச் சுற்றிக் கறுத்திருந்தது. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீ பேச ஆரம்பித்துவிட்டாய்.

"வீட்ல ஐஸ் எப்படிக்கா வெச்சீங்க?"

"நீ சொன்னாப்ல தம்பி. துணி சுத்தி, பத்து நிமிசம்."

"துணி முழுக்கச் சுத்தியிருந்துச்சா? எங்கயாவது விலகி நேரா பட்டிருக்கும்."

"இல்லியே... நல்லாதானே சுத்துனேன்."

"கையிலயே பிடிச்சுட்டு இருந்தீங்களா? நடுவுல எழுந்து போனீங்களா?"

அக்கா யோசித்தார். "குக்கர் விசில் வந்துச்சுன்னு ஒரு தபா எழுந்து போனேன். ஆனா ஒடனே வந்துட்டேனே தம்பி."

"அப்பத்தான்கா. அந்த நேரத்துலதான் விலகியிருக்கும்."

பாய் வழக்கம்போல, "ஐஸ்காரி ஆயிட்டா எம் பொண்டாட்டி, என்னையே குச்சி ஐஸு ஆக்கிட்டா" என்று சிரிக்க வைக்கப் பார்த்தார். அக்கா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். "டாக்டரம்மா, அப்படியும் ஆவுமா?" என்று என்னிடம்தான் கேட்டார், உன்னிடம் இல்லை. நான் இருபத்து மூன்று வருடம் சேர்த்து வைத்த நம்பிக்கை எல்லாம் அந்தக் கேள்வியில் இருந்தது. நான் சொன்னேன்: "சுகர் இருக்கறவங்களுக்கு வீட்ல ஐஸ் வெக்கும்போது கவனமா இருக்கணும்கா." ஒரு பொய்கூட இல்லாத வாக்கியம். படித்தவள் சொல்கிற பொய் அப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருக்கும், மொத்தமும் பொய்யாக இருக்கும்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ கேட்கவே இல்லை. கொப்புளம் உடைந்து புண்ணாகி, ஆஸ்பத்திரியில் செத்த தோலை வெட்டி எடுத்தார்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டும். தையல் மிஷினைக் காலால் மிதிக்க முடியாது, கடை பாதி நாள் மூடியே கிடந்தது. ஒரு மாதம் கழித்து மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பழம் வாங்கிக்கொண்டு போனால் மனசு கொஞ்சம் ஆறும் என்று போனேன், வேறு ஒன்றும் இல்லை. பாய் காலை நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். கட்டு மாற்றிக்கொண்டிருந்தவர் அவருடைய தம்பி மனைவி. அக்கா அறை வாசலில் தள்ளி நின்றிருந்தார். "நீங்க உக்காருங்கக்கா" என்றேன். தம்பி மனைவி தலையை நிமிர்த்தாமலே, "அவங்க கையி படக் கூடாதும்மா. வெச்ச கையிதானே சுட்டுச்சு" என்றார். பாய், "இன்னாம்மா பேச்சு இது, வுடு" என்று அதட்டினார். அந்தப் பெண், "நா இன்னா இல்லாததையா சொல்லிட்டேன்? டாக்டரு பையனே சொன்னாருதானே" என்றார்.

நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். டாக்டர் பையனுடைய அம்மா. டீ கொடுத்தார்கள், குடித்தேன்.

கிளம்பும்போது அக்கா தெருமுனை வரை வந்தார். ஃப்ரீசரில் இருந்த ஐஸ் டிரேயையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார். பேரப்பிள்ளைகள் ஜில்லென்று தண்ணீர் கேட்டால்கூடப் பானைத் தண்ணீரைத்தான் மொண்டு கொடுக்கிறாராம். பிறகு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "டாக்டரம்மா, பத்து நிமிசம்னுதான் கடியாரத்தப் பாத்து வெச்சேன். இப்ப எனக்கே சந்தேகமா கீது. இருவதா இருந்துச்சோ இன்னாவோ. துணி சுத்துனேனான்னு நெனச்சு நெனச்சுப் பாக்குறேன், ஒரு நாளு சுத்துனாப்ல தோணுது, ஒரு நாளு இல்லாதாப்ல தோணுது. எனக்கு மறதி வந்துருச்சா? தலைக்கு எதுனா ஸ்கேன் எடுத்துப் பாக்கணுமா?"

நீ செய்தது இது. பாயின் காலில் புண் வைத்ததை நான் மன்னித்துவிடுவேன், அது கவனக்குறைவு, எனக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் ஒரு பெண் தன் கண்ணால் பார்த்ததை, தன் கையால் செய்ததை, தன் ஞாபகத்தை நம்ப முடியாதபடி ஆக்கிவிட்டாய். முப்பத்தைந்து வருடம் ஒருவரோடு வாழ்ந்துவிட்டு, அவர் காலைத் தொடக் கூடாதவளாகத் தன் வீட்டிலேயே தள்ளி நிற்கிறார். குக்கர் விசில் என்று அவர் வெள்ளந்தியாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, நான்கு கேள்வியில் அவரைக் குற்றவாளி ஆக்கினாய். அந்தச் சாமர்த்தியம் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற என்மேலும் அதே அருவருப்பு இருக்கிறது. ஆனால் இந்தக் கடிதம் உனக்கு.

வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "அவங்க கேஸ் கீஸுன்னு போனா உன் கிளினிக்தான்மா போவும். நான் உனக்காகத்தான் அப்படிச் சொன்னேன்." எனக்காக! கொல்லையில் டிரம்மில் ஐஸ் கொட்டியது எனக்காகவா? கார்டில் பத்து என்று எழுதியது எனக்காகவா? வேலை உறுதியாகும் வரை எந்தப் புகாரும் வந்துவிடக் கூடாது என்று நீ பயந்தாய். அந்தப் பயத்தைக்கூட நான் புரிந்துகொள்வேன். அதற்கு என் பெயரை வைத்ததைத்தான் தாங்க முடியவில்லை. "அந்தம்மா ரெண்டு நாள்ல மறந்துடும்" என்றும் சொன்னாய். அவருக்கு இருக்கும் ஒரே வேண்டுதல், தனக்கு மறதி வரவில்லை என்று யாராவது சொல்ல வேண்டும் என்பதுதான்.

அங்கே போய் நீ பார்க்கப்போவது பதினெட்டு, இருபது வயசுப் பையன்களின் கால்களை. அவர்களுக்கு எல்லாம் உறைக்கும். ஐஸ் ஒரு நிமிடம் அதிகமானால் உன்னைத் திட்டிக்கொண்டே தானே பிய்த்து எறிவார்கள். அதனால் உன் கையில் தப்பு நடக்காது, நீயும் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்குவாய். எனக்குப் பயம் அதுதான். அந்த இளம் கால்களின் புண்ணியத்தில் இருபது வருடம் ஓட்டிவிடலாம். பிறகு ஒரு நாள் வாய் திறக்காத ஒருவர் உன் கட்டிலில் வந்து படுப்பார். மரியாதைக்காக வாய் திறக்காதவர், பாஷை தெரியாதவர், பாயைப் போல உணர்ச்சியே போனவர். அன்றைக்கு உனக்கு வேண்டியதை இப்போதே சொல்கிறேன். நான் கற்றுக்கொடுத்த நான்கு சொல்லையும் தூக்கிப் போடு. ஐஸ் வைக்கும் முன் தொட்டுப் பார், உணர்ச்சி இல்லாத இடத்தில் வைக்காதே. வைத்தால் பக்கத்திலேயே நில். ஐந்து நிமிடத்தில் கட்டை அவிழ்த்துத் தோலைப் பார். அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் பார். ஜெல் பேக்கை வெறும் கைக்குட்டையோடு வைக்காதே, அது ஐஸ் கட்டியைவிடக் கொடிது. தப்பு நடந்துவிட்டால் அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிடு, ஒரு நாள் தள்ளினால் நாக்கு எழாது. எனக்கு இரண்டு மாதமாக எழவில்லை.

போன வாரம் உன் அனுபவச் சான்றிதழில் கையெழுத்துக் கேட்டாய். கவனமாகவும் பொறுப்பாகவும் பணியாற்றினார் என்று நீயே டைப் அடித்து எடுத்து வந்திருந்தாய். நான் படித்தேன். பேனாவைக் கீழே வைத்தேன். "சும்மா ஃபார்மாலிட்டிம்மா, எல்லாருக்கும் இப்படித்தான் குடுப்பாங்க" என்றாய். அப்பா எட்டிப் பார்த்து, "போடேன், பெத்த புள்ளைக்கு ஒரு கையெழுத்துப் போட இவ்ளோ யோசனையா?" என்றார். போட்டேன். அதுவும் என் கணக்கில்தான் சேரும். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, இந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து ஒரு காரியத்தை மூடிக்கொண்டே போகிறோம், ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் சுலபமாகிக்கொண்டே வருகிறது என்று. நீ விமானம் ஏறியதும் அது முற்றிலும் சுலபமாகிவிடும். பையன் இங்கே இல்லை, இனிமேல் கிளறி என்ன பயன் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும்.

முதலில் நான் நினைத்ததும் அதுதான். நீ போய்ச் சேர்ந்து, வேலையில் உட்கார்ந்து, ஒரு மாதம் ஆன பிறகு அவர்களிடம் மெதுவாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். அம்மா புத்தி. உன்னைப் பத்திரமாக ஒரு கரையில் இறக்கிவிட்டுப் பிறகு உண்மையைப் பேசலாம் என்ற புத்தி. இன்று காலை கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது அது போய்விட்டது. நீ இல்லாத இடத்தில் உன் தப்பைச் சொன்னால் அது வெறும் சேதி. நீ இருக்கும்போது சொன்னால்தான் அவர்கள் உன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க முடியும். அந்த உரிமையை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள நான் யார்?

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவர்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்காருவார்கள். பாய், அவருடைய தம்பி, அந்தத் தம்பி மனைவி, எல்லோரும் இருப்பார்கள். அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொல்லப் போவதில்லை. எல்லோர் முன்னாலும் தள்ளி நிற்கிறவருக்கு, எல்லோர் முன்னாலும்தான் சொல்ல வேண்டும். நாற்பது நிமிடம் எங்கள் கிளினிக்கில், என் மகன் கையால், நான் பார்த்து மறைத்தது என்று சொல்வேன். நீங்கள் வைத்தது பத்து நிமிடம்தான் அக்கா, உங்கள் ஞாபகம் சரி என்று சொல்வேன். புகார் கொடுப்பதானால் எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் நானே எழுதிக் கொடுப்பேன். கிளினிக் போனால் போகட்டும். உன் விசாவுக்கு இடைஞ்சல் வருமா என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. வந்தாலும் போவேன்.

உன் அப்பாவிடம் சொல்லவில்லை, சொன்னால் வாசலில் நிற்பார். யாரிடமும் சொல்லவில்லை. நான் கிளம்பிய பிறகு உன் கண்ணில் படும்படி இந்தக் கடிதத்தை உன் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போவேன். நீ இதைப் படித்து முடிக்கும்போது நான் அவர்கள் வீட்டுக் கூடத்தில் இருப்பேன். என்னைத் தடுக்க ஓடி வராதே, நேரம் இருக்காது. வீட்டிலேயே இரு. அங்கிருந்து யாராவது உன்னைத் தேடி வந்தால், நீயே போய்க் கதவைத் திற.